வந்தவர் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. திருப்பி அனுப்பப்பட்டவர் பெயர் எங்கே?

(ஆவடியில் இளைஞர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீட்டையோ அறையையோ வாடகைக்கு விடுகிறவர்கள் அரசிடம் என்னென்ன பதிய வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். நான் இங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறேன். வாடகை ஒப்பந்தம் டைப் அடிப்பதும் ஆன்லைனில் பதிந்து கொடுப்பதும் என் அன்றாட வேலை. அந்தப் படிவங்களில் எதையெல்லாம் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எதைக் கேட்பதே இல்லை என்பதும் தெரியும்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்ட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். நாள் வாடகைக்கு அறை விடுகிற லாட்ஜ், சர்வீஸ் அபார்ட்மென்ட் போன்ற இடங்களில் வருகிறவர் பெயர், முகவரி, அடையாள அட்டை நகல் எல்லாம் வாங்குகிறார்கள். வெளிநாட்டுக்காரர் தங்கினால் அவருடைய பாஸ்போர்ட், விசா விவரங்களை 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். இதைத்தான் இத்தனை காலம் 'சி படிவம்' என்று சொல்லி வந்தோம். 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் போய், 2025 செப்டம்பர் 1 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது. தெரிவிக்கும் கடமை அப்படியேதான் இருக்கிறது.

இதில் காவல்துறையும் உண்டு. 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில், வங்கிக் கொள்ளையர்கள் என்று சொல்லி ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதைத் தொடர்ந்து, குடியிருப்பவர் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று சென்னை வீட்டு உரிமையாளர்களுக்கு உத்தரவு வந்தது.

ஆக, உள்ளே வந்தவர் யார் என்று உரிமையாளர் கணக்குக் காட்ட வேண்டும். யாரைத் திருப்பி அனுப்பினார் என்று மட்டும் ஒருவருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்து வருகிற பையன் வீடு தேடுகிறான். "எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்கிறார்கள். "சுத்த சைவமா?" என்று கேட்கிறார்கள். சாதி என்ற சொல்லே வாயில் வராது. மறுநாள் போன் செய்தால், "வேற ஆளு அட்வான்ஸ் கொடுத்துட்டாங்க தம்பி." போர்டு மட்டும் கேட்டில் அப்படியே தொங்கும். என்னையும் இப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை.

பதிவேடு எதைச் செய்யும் என்று அண்ணல் அம்பேத்கரைவிட நன்றாகச் சொன்னவர் இல்லை. 1917-இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடாவுக்கு வேலைக்கு வந்தவருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் நாளுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்கினார். விடுதி பார்சிகளுக்கு மட்டும் என்பதால் பதிவேட்டில் பார்சிப் பெயர் எழுத வேண்டியிருந்தது. பதினோராம் நாள் கையில் தடியோடு பத்துப் பன்னிரண்டு பேர் வந்து விரட்டினார்கள். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் அவரே இதை எழுதியிருக்கிறார். அந்தப் பதிவேட்டில் அவர் தங்கியதும் இல்லை, விரட்டப்பட்டதும் இல்லை.

இன்று மறுப்பதற்குப் போலீசையே சாக்காகச் சொல்கிறார்கள். சாதி மறுத்துக் காதலிக்கிற இணையர் ஓர் இரவு தங்க அறை கேட்டால், "கல்யாண சர்டிபிகேட் இருக்கா? போலீஸ் பிரச்சினை வரும்" என்பார்கள். கோவையில் 2019-இல் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். திருமணமாகாத இருவர் தங்கியிருந்ததும் ஒரு காரணம். அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், திருமணமாகாதவர்கள் ஓர் அறையில் தங்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

மறுப்பதற்கு எதிராகச் சட்டமும் இருக்கிறது தோழர்களே, 1955 முதலே இருக்கிறது. குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 4-ஆம் பிரிவு. தீண்டாமையின் பேரால் ஒருவரை விடுதிக்குள் விடாமல் தடுப்பதும், எந்தப் பகுதியிலும் குடியிருக்க விடாமல் தடுப்பதும் குற்றம். லாட்ஜும் அதில் அடங்கும். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. இதைவிட முக்கியம் 12-ஆம் பிரிவு. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவருக்கு எதிராக இந்தத் தடை நடந்திருந்தால், அது தீண்டாமையால் நடந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது எதிரியின் பொறுப்பு.

இவ்வளவு வலுவான பிரிவு ஏன் தூங்குகிறது? மறுப்பு நடந்ததற்கே காகிதம் இல்லை. அந்தக் காகிதத்தை நாம் உண்டாக்க வேண்டும்.

வீடு தேடும்போது ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, நேரம், முகவரி, பேசியவரின் எண், கேட்ட கேள்வி எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதுங்கள். விளம்பரத்தையும் 'வாடகைக்கு' போர்டையும் படம் எடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். 'போய்விட்டது' என்று சொன்ன வீட்டை மறுநாள் வேறு சாதி நண்பர் ஒருவர் கேட்கட்டும். அவருக்குக் காட்டினால் அதையும் எழுதுங்கள். வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டு காவல்துறையின் சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவுக்குப் போங்கள். அப்போது கையில் கண்ணீர் மட்டும் இருக்காது, சாட்சியமும் இருக்கும்.

இங்கே உட்கார்ந்திருக்கிற சிலர் வீட்டில் மாடி போர்ஷன் வாடகைக்கு விடுவீர்கள். பேஸ்புக்கில் சாதி ஒழிப்பு எழுதுகிற அதே வீட்டு கேட்டில் 'சைவம் மட்டும்' தொங்கினால், அதைக் கழற்றுகிற வேலை உங்களுடையது. அப்பாவோடு சண்டை வரும். வரட்டும்.

அரசிடமும் கேட்போம். வாடகை ஒப்பந்தத்தைப் பதிகிற அதே இணையதளத்தில், வீடு மறுக்கப்பட்டவர் புகாரைப் பதிய ஓர் இடம் வேண்டும். வெளிநாட்டு விருந்தினர் விவரத்தை 24 மணி நேரத்தில் வாங்கத் தெரிந்த அரசுக்கு, திருவள்ளூர் மாவட்டத்துப் பிள்ளைக்கு ஏன் கதவு சாத்தப்பட்டது என்று கேட்கவும் முடியும்.

அதுவரை நம் நோட்டுதான் பதிவேடு. இன்றைக்கே எழுதத் தொடங்குங்கள்.