ஓடையைச் சீராக்கும்போது ஓடைக்கரைச் சனத்தையும் கேட்க வேண்டும்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், வேலை நாள், வீடு, காணி என்று பேசும் கூட்டத்தில் ஓடையைப் பற்றியும் மீனைப் பற்றியும் என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். போன மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்தில் நடந்ததைச் சொன்னால் காரணம் விளங்கும்.

பக்டரி ஜெனரேட்டருக்கு வைத்திருந்த டீசல் பீப்பாய் ஒன்று ஒழுகி, கான் வழியாக ஓடையில் இறங்கிவிட்டது. கீழ் லயத்துப் பிள்ளைகள் குளிக்கப் போனபோதுதான் தண்ணீர் மேல் பல நிறத்தில் படலம் மிதப்பதைக் கண்டோம். சவர்க்காரத் தூளைக் கொட்டி அலசச் சொன்னார்கள். நாங்களும் நின்று கொட்டினோம். படலம் மறைந்தது, வேலை முடிந்தது என்று எல்லோரும் போய்விட்டோம். மறுநாள் காலை மீன்கள் செத்து மிதந்தன.

நாம் செய்தது தவறு என்று பிறகுதான் விளங்கிற்று. சவர்க்காரம் எண்ணெயை அகற்றுவதில்லை. அதைச் சிறு துளிகளாக உடைத்துத் தண்ணீருக்குள் கலக்கிறது. மீனின் செவுளை அதுவும் கெடுக்கும். கண்ணுக்குத் தெரியாமல் போனது, ஓடையை விட்டுப் போகவில்லை.

அமெரிக்காவில் வொஷிங்டன் மாநிலத்தில் பெல்லிங்ஹாம் என்றொரு நகரம். 1999 ஜூன் 10ஆம் திகதி அங்கே நிலத்தடிக் குழாய் ஒன்று வெடித்து 237,000 கலன், அதாவது ஏறத்தாழ 9 இலட்சம் லீற்றர் பெற்றோல், வாட்கம் ஓடையில் கலந்து தீப்பற்றியது. 10 வயதுச் சிறுவர்கள் இருவரும், மீன்பிடித்துக்கொண்டிருந்த 18 வயது இளைஞர் ஒருவரும் உயிரிழந்தார்கள். ஓடையில் இலட்சத்துக்கு மேற்பட்ட மீன்கள் அழிந்தன. 1994இல் பக்கத்தில் நடந்த கட்டட வேலையின்போது தோண்டும் இயந்திரம் பட்டு அந்தக் குழாய் சேதப்பட்டிருந்தது என்பது விசாரணையில் தெரியவந்தது. அன்று பார்த்துத் திருத்தியிருந்தால் மூன்று உயிர் மிஞ்சியிருக்கும்.

தீ அணைந்த பிறகும் பெற்றோல் ஓடையின் அடியில், சரளைக் கற்களுக்கு இடையில் தங்கியிருந்தது. சால்மன் மீன் கடலிலிருந்து ஏறிவந்து அந்தச் சரளையில்தான் முட்டையிடும். ஆகவே மீன் வரும் பருவத்துக்கு முன்பே சரளையைக் கிளறி, உள்ளே இருந்த பெற்றோலை வெளியேற்றினார்கள். எரிந்த கரையில் மரம் நட்டார்கள்; நிழல் இல்லாவிட்டால் தண்ணீர் சூடேறி மீன் தாங்காது. பெரிய மரத்தண்டுகளை ஓடைக்குள் போட்டார்கள். வெள்ளத்தில் குஞ்சுகள் ஒதுங்குவதற்குப் பக்கக் குட்டைகள் வெட்டினார்கள். இந்த வேலை பல வருடம் நீடித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. என்ன சீராக்குவது, எப்படிச் சீராக்குவது என்று தீர்மானித்தவர்களில் அரசாங்க அதிகாரிகளோடு, அந்த ஆறுகளில் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்த லம்மி, நூக்சாக் பழங்குடியினரும் இருந்தார்கள்.

அதே மாநிலத்தில் இன்னொரு போராட்டமும் நடந்தது. வீதிகளுக்கு அடியில் போட்ட மதகுக் குழாய்கள் பல மீனின் வழியை அடைத்திருந்தன. குழாயின் வாய் தண்ணீருக்கு மேலே தொங்கினால் மீன் ஏறமுடியாது. குழாய் ஒடுங்கினால் நீரோட்டத்தின் வேகம் மீனைத் தள்ளிவிடும். மீன்பிடிக்கும் உரிமையை 1850களின் ஒப்பந்தங்களில் எழுதித் தந்துவிட்டு மீனே வராமல் அடைப்பது என்ன நியாயம் என்று 2001இல் பழங்குடியினர் மாநில அரசுக்கு எதிராக வழக்குக்குப் போனார்கள். 2018இல் உயர் நீதிமன்ற நீதியரசர்கள் 4க்கு 4 எனப் பிரிந்ததால், பழங்குடியினருக்குச் சாதகமான கீழ் நீதிமன்றத் தீர்ப்பே நிலைத்தது. மதகுகளை மாற்றவேண்டிய கடமை மாநிலத்தின் மேல் விழுந்தது. அதற்குப் 17 வருடம் சென்றது. அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

நம் நாட்டிலும் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் உள்நாட்டு நீர்நிலைகளை மாசுபடுத்துவதைத் தடைசெய்கிறது. சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது. கேட்பதற்கு ஆள் வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு கமிட்டியும் இவற்றைக் கேட்போம். டீசல், எண்ணெய் பீப்பாய்களைச் சுற்றி ஒழுகினாலும் வெளியேறாதபடி கட்டு கட்டப்பட வேண்டும். களஞ்சியத்துக் கான் நேராக ஓடையில் விழக்கூடாது. ஒழுகினால் முதலில் கீழே உள்ள லயங்களுக்குச் சொல்லி, தண்ணீர் அள்ளுவதை நிறுத்த வேண்டும். பிறகு ஒழுக்கை அடைத்து, ஓடைக்குப் போகுமுன் கானிலேயே மண் அணை போட வேண்டும். அணைக்குள் ஒரு குழாயை, உள்வாய் தண்ணீருக்கு அடியில் இருக்கும்படி சாய்த்துப் புதைத்தால், அடித்தண்ணீர் வெளியேறும். மிதக்கும் எண்ணெய் தங்கும். அதை மரத்தூளாலும் பழைய சாக்குகளாலும் ஒற்றி எடுக்கலாம். அந்தச் சாக்கை ஓடைக்கரையில் புதைக்கக்கூடாது. கையுறை இல்லாமல் யாரையும் இந்த வேலையில் இறக்கவும் விடக்கூடாது.

தோட்டப் பாதைகளின் மதகுகளையும் ஒருமுறை நடந்து பாருங்கள். தொங்கும் குழாய் எத்தனை, அடைபட்டது எத்தனை என்று எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.

சவர்க்காரத் தூள் சம்பவத்தன்று எங்களில் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. துரை சொன்னார், செய்தோம். அந்த ஓடைத் தண்ணீரைக் குடிப்பவர்கள் நாம். அதில் குளிப்பவர்கள் நம் பிள்ளைகள். இனி ஓடையில் யார் எதைச் செய்வதானாலும், முதலில் நம்மைக் கேட்கச் செய்வோம்.