ஒயினில் ஏலம் விழும் நேரம்



கார்த்திகை பிறந்துவிட்டால் குமுளி மலைப்பாதையில் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை கூடை கூடையாகக் கேரளத்துக்கு மேலேறும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கறுப்புத் திராட்சை அது. வண்டிப்பெரியாறு, பீருமேடு, கட்டப்பனைப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸ் என்றால் பிளம் கேக்கும் ஒரு சிறு கிளாஸ் ஒயினும்தான். அந்த ஒயினுக்கு வாசம் ஏற்றும் கலையைப் பற்றி இன்று பேசுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் போடுவது கேரள அப்காரிச் சட்டப்படி குற்றம். 2019 கிறிஸ்துமஸை ஒட்டிக் கலால் துறை இதை எச்சரிக்கையாகவே சொன்னது. தலைமுறைகளாகக் கைமாறி வந்த பக்குவம் என்பதால்தான் இதைப் பேச வருகிறேன்.

கழுவி ஈரம் போகத் துடைத்த திராட்சையை நசுக்கி, சீனி, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை சேர்த்துப் பீங்கான் பரணியில் போட்டு வாயைத் துணியால் கட்டுவார்கள். தினம் ஒருமுறை மரக்கரண்டியால் கிளறுவார்கள். 21 நாளில் வடித்து, இன்னொரு 21 நாள் தெளியவிடுவது பல வீடுகளின் கணக்கு. இதுவரை யார் செய்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். பட்டை, கிராம்பு, ஏலம் எப்போது உள்ளே போகிறது என்பதில்தான் கை தெரியும்.

பலர் முதல் நாளே எல்லாவற்றையும் போட்டுவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அது ஏலத்தை வீணாக்குவது. நொதிக்கும்போது குமிழியிட்டு வெளியேறும் கரியமில வாயு, ஏலத்தின் மெல்லிய வாசத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். பரணி இருக்கும் அறை கமகமக்கும், ஒயினில் பாதி வாசம்கூட மிஞ்சாது. கிராம்பின் தொல்லை வேறு. அதிலுள்ள யூஜினால் நுண்ணுயிர்களை அடக்கும். அளவு மீறினால் ஈஸ்ட் சோர்ந்து, ஒயின் சர்க்கரைப் பாகாகவே நின்றுவிடும்.

தேர்ந்த கை வடிக்கும்வரை காத்திருக்கும். அதற்குள் ஆல்கஹால் ஊறியிருக்கும். வாசனை எண்ணெய்கள் தண்ணீரைவிட அதில்தான் நன்றாக இறங்கும். ஏலக்காயைப் பிளந்து, உள்ளே விதை கறுத்துப் பிசுபிசுப்பாக இருக்கிறதா என்று பார்த்து, லேசாகத் தட்டி, மல்துணியில் முடிந்து நூலில் கட்டித் தொங்கவிடுவார்கள். தினமும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, போதும் என்று தோன்றியதும் முடிச்சை வெளியே எடுத்துவிடுவார்கள். கிராம்பைத் தனி முடிச்சாகக் கட்டி, எல்லாவற்றுக்கும் முன்னால் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அது மற்ற வாசங்களை அமுக்கிவிடும்.

இந்தப் பொறுமையை எசென்ஸ் பாட்டில் தின்றுகொண்டிருக்கிறது. ஏலத்தில் சினியோல் தரும் குளிர்ச்சியும் டெர்பினைல் அசிடேட் தரும் இனிமையும் சேர்ந்து வருகின்றன. மலிவான எசென்ஸில் முதல் வாயில் தூக்கியடிக்கும் ஒரே வாசம்தான். ஏலம் விளையும் இந்த மலைகளில் இருந்துகொண்டு அதை வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நொதித்ததில் வாசனைச் சரக்கு சேர்ப்பது கேரளத்துக்குப் பழைய வித்தைதான். திராட்சாரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்தில் உலர்திராட்சைக் கஷாயத்துடன் வெல்லமும் தாதகிப் பூவும் போட்டு, ஏலம், பட்டை, மிளகு, திப்பிலிப் பொடியும் சேர்த்துப் பாத்திரத்தின் வாயை மூடி முத்திரையிடுவார்கள். அங்கே முதலிலேயே சேர்ப்பது சரி. வாசத்தைவிட மருந்துச் சத்து முழுக்க இறங்குவதுதான் வைத்தியருக்கு முக்கியம்.

கேரளத்தில் நொதிக்கும் இன்னொன்றான பாலக்காட்டுச் சித்தூர்க் கள்ளுக்கோ எதுவுமே சேர்க்கக் கூடாது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது, அதன் ருசியும் அதையே கேட்கிறது.

பழ ஒயின் தயாரிக்கும் சிறு ஆலைகளுக்குக் கேரளத்தில் 2022இல் விதிகள் வந்தன. உரிமம் பெற்று அந்தத் தொழிலில் இறங்குகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இந்த மலைகளின் வண்டன்மேட்டு ஏலத்தை வாங்குங்கள், ஒயினை வடித்த பிறகு சேருங்கள், பாட்டில் மேல் எழுதும் சரக்குப் பட்டியலில் எசென்ஸ் என்ற சொல்லுக்கு இடம் கொடுக்காதீர்கள்.