வாழையை வாட்டும் பூஞ்சை வெள்ளியும் செய்யும்

இன்னிக்கு எபிசோட்ல ஒரு பூஞ்சையைப் பத்திப் பேசப் போறோம். பேரு ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம். வாழை விவசாயிகளுக்கு இந்தப் பேரு தெரியாம இருக்கலாம், ஆனா இதோட வேலை நல்லாவே தெரியும். வாழையில வர்ற பனாமா வாடல் நோய்க்குக் காரணம் இந்த இனத்தோட ஒரு வகைதான்.

புனேவில் இருக்கும் தேசிய வேதியியல் ஆய்வகத்தில், முரளி சாஸ்திரி குழுவினர் 2000-களின் தொடக்கத்தில் பூஞ்சைகளை வைத்து உலோக நானோ துகள்கள் தயாரிக்க முடியும்னு காட்டினாங்க. நானோன்னா எவ்வளவு சின்னது? நம்ம தலைமுடியோட தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். 2003-ல் அவங்க வெளியிட்ட ஆய்வில் கிடைச்ச வெள்ளித் துகள்கள் வெறும் 5 முதல் 15 நானோமீட்டர்தான்.

செய்முறை ரொம்ப எளிமை. பூஞ்சையைத் திரவத்தில் வளர்த்து, வடிகட்டி, நல்லா கழுவி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் போடணும். நிறமே இல்லாத கரைசல் மெல்ல மெல்லப் பழுப்பாகும். துகள்கள் உருவாகிடுச்சுன்னு அந்த நிறமே சொல்லிடும்.

பூஞ்சை ஏன் இதைச் செய்யுது? தண்ணியில கரைஞ்ச வெள்ளி அயனி அதுக்கு விஷம். பூஞ்சையோட நொதிகள் அந்த அயனிக்கு எலக்ட்ரான் கொடுத்து, அதைத் திட வெள்ளியா மாத்திடும். பூஞ்சை விடுற புரதங்கள் துகள்களைப் போர்த்திக்கிறதால, அதுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாகாது.

முதல்ல முயற்சி பண்ணின வெர்டிசிலியம் பூஞ்சையில துகள்கள் செல்லுக்குள்ளேயே தங்கிடுச்சு. எடுக்கணும்னா செல்லை உடைக்கணும். ஃபியூசேரியம் அதை வெளியிலேயே செஞ்சு கொடுத்தது. அதான் பெரிய முன்னேற்றம்.

வழக்கமான முறையில சோடியம் போரோஹைட்ரைடு மாதிரி கடுமையான ரசாயனம் தேவைப்படும். இதுல அது வேண்டாம். அதனாலதான் இதுக்குப் 'பசுமைத் தொகுப்பு'ன்னு பேரு. ஆனா இங்கதான் நாம கொஞ்சம் நின்னு யோசிக்கணும். ரசாயனம் சில நிமிஷத்துல முடிக்கிற வேலைக்குப் பூஞ்சை நாள்கணக்கில் எடுத்துக்கலாம். எல்லாத் துகளும் ஒரே அளவில் வர்றதும் கஷ்டம். பயிர் நோய் பரப்பும் வகையா இருந்தா, தொழிற்சாலைக் கழிவில் உயிரோட வெளியே போகாமப் பார்த்துக்கணும்.

இன்னொண்ணு, செய்த விதம் பசுமைங்கிறதால பொருளும் பசுமை ஆகிடாது. துர்நாற்றம் வராம இருக்க சாக்ஸ்ல நானோ வெள்ளி சேர்க்கிறாங்க. துவைக்கும்போது அந்த வெள்ளி தண்ணியில கலக்குறதை ஆய்வுகள் காட்டியிருக்கு. பாக்டீரியாவைக் கொல்லும் அந்தக் குணம் சாக்கடைக்குப் போனதும் எந்த அளவுக்கு மிஞ்சும்னு யோசிக்கணும். அங்கே கழிவைச் சுத்தம் பண்றதும் பாக்டீரியாதானே!

அதனால அடுத்த முறை 'இயற்கை முறையில் தயாரித்த நானோ சில்வர்'னு லேபிள் பார்த்தா, ரெண்டு கேள்வி கேளுங்க: எப்படிச் செஞ்சாங்க? உபயோகிச்ச பிறகு எங்கே போகும்?

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.