நோயாளியின் இரகசியம்

கிராமத்து ஒழுங்கையொன்றிலே பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் மோட்டார் சைக்கிள் ஒரு வீட்டுப் படலையில் வந்து நின்றால், வேலிக்கு மேலாக அயலவர் நாலு பேர் எட்டிப் பார்ப்பது வழக்கம். "என்னவாம்?" என்ற கேள்வி பொழுதுபடுமுன் சந்திக் கடை வரை போய்விடும். அவர் நுளம்புக் குடம்பிகளைத் தேடி வந்திருக்கலாம். அவ்வீட்டில் ஒருவருக்குத் தொழுநோய் கண்டிருப்பதனாலும் வந்திருக்கலாம். படலையடியில் அவர் எந்தக் குரலில், யார் செவியிற்பட, என்ன சொல்கிறார் என்பதிலே அக்குடும்பத்தின் மானமும், சில வேளை ஒரு பெண்ணின் திருமணப் பேச்சும் தங்கியிருக்கின்றன.

தொழுநோய்க்கும் மறைப்புக்கும் இத்தீவிலே நெடுங்காலத் தொடர்பு உண்டு. ஒல்லாந்தர் 1708ஆம் ஆண்டிலே கொழும்புக்கு வடக்கேயுள்ள ஹெந்தளையில் தொழுநோயாளருக்கென ஒரு நிலையம் அமைத்தனர். பிற்காலத்தில் மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவும் அத்தகைய இடமாயிற்று. 1901ஆம் ஆண்டின் சட்டம் நோயாளரைக் கட்டாயமாகப் பிரித்து வைக்க வழிசெய்தது. நோயைத் தீர்க்கும் மருந்து அன்று இல்லை. ஆதலால் அதைச் செய்தவர்களைக் கொடியவர் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும், பிடிபட்டால் வீடு இல்லை என்று அறிந்தவன் உடலிற் கண்ட தேமலைச் சட்டைக்குள்ளே மறைத்தான்.

இன்று நிலை வேறு. கூட்டு மருந்துச் சிகிச்சை 1983ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தது. நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ குளிசை விழுங்கினால் நோய் குணமாகும், மருந்தும் இலவசம். சிகிச்சை தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறருக்குத் தொற்றும் ஆபத்து நீங்கிவிடும். அப்படியிருந்தும் சிலர் விரல் மடங்கிய பின்னரே வருகின்றனர். இக்கிருமி நரம்பைத் தாக்குவது. உணர்ச்சியற்ற கை அடுப்பிற் சுட்டாலும் அறியாது. இத்தாமதத்துக்கு அறியாமையோடு வெட்கமும் காரணம். ஆகவே உத்தியோகத்தர் தம் வாயைக் காப்பதும் குளிசை கொடுப்பதைப் போன்ற ஒரு சிகிச்சையே.

இந்நோயின் கிருமியை 1873ஆம் ஆண்டிலே கண்டவர் நோர்வே நாட்டு வைத்தியர் ஹான்சன். அது தொற்றும் என்று நிறுவும் ஆவலினால், வைத்தியசாலையிலிருந்த ஒரு பெண்ணின் கண்ணிலே, அவள் சம்மதமின்றி, இன்னொரு நோயாளியின் நோய்ப்பொருளை ஏற்றினார். 1880ஆம் ஆண்டில் பேர்கன் நகர நீதிமன்றம் அவரை அவ்வைத்தியசாலைப் பதவியிலிருந்து நீக்கியது. கிருமியைக் கண்ட பெருமை அவருடையது. அந்தக் கண் அவருடையதன்று.

இக்காலத்து வைத்தியசாலைகளில் நடப்பன இவ்வளவு பெரிய தவறுகள் அல்ல. பெயரோடு நோயையும் சேர்த்துக் கூவி அழைத்தல், நோயாளியின் அட்டையை மேசைமேல் விரித்து வைத்தல், திரையை இழுக்காமலே சட்டையைக் கழற்றச் சொல்லுதல் போன்றவையே அவை. மொழி குறுக்கே நிற்கும் இடத்தில் சங்கடம் இன்னும் பெரிது. வைத்தியர் சிங்களத்திலே கேட்க, தமிழ்த் தாய்க்கு அவளுடைய பள்ளிக்கூடப் பிள்ளையே மொழிபெயர்க்க நேர்கிறது. தாயிடம் கேட்கக்கூடாததைப் பிள்ளை கேட்கிறது. பிள்ளைக்குச் சொல்லக்கூடாததைத் தாய் விழுங்கிவிடுகிறாள். வைத்தியரின் ஏட்டிலே பாதி நோய்தான் பதிவாகிறது.

அப்படியாயின் எவருக்குமே சொல்லாதிருப்பதுதான் முறையோ? அதுவும் இயலாது. ஒருவருக்குத் தொழுநோய் கண்டால் அவரோடு ஒரே வீட்டில் வாழ்வோரையும் சோதிக்க வேண்டும். இங்கேதான் உத்தியோகத்தரின் பக்குவம் வெளிப்படும். முதலில் நோயாளியோடு தனியே பேசுவார். வீட்டாருக்கு எதை, யார், எப்பொழுது சொல்வது என்று அவரிடமே கேட்பார். பெரும்பாலும் நோயாளி தாமே மனைவி மக்களை அழைத்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்துவிடுவார். வர இயலாத வீடாயின், பரிசோதகர் மோட்டார் சைக்கிளைக் கோயிலடியில் நிறுத்திவிட்டு, ஒழுங்கையால் நடந்து போவார். வழியில் யாரேனும் "எங்கே, ஐயா?" என்று கேட்டால், கிணறு பார்க்கப் போவதாகச் சொல்வார், அந்த வீட்டுக் கிணற்றையும் பார்த்துவிட்டே திரும்புவார்.