கொக்குக்கு ஒரு கணக்கு, கரிச்சானுக்கு ஒரு கணக்கு



1900ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்துப் புல்வெளி ஒன்றில் ஒரு மாடு நின்றது. மேயவும் இல்லை, வாலை ஆட்டவும் இல்லை. அதன் வயிற்றுக்குள் கேமராவும் கையுமாக ஒரு மனிதர் இருந்தார். மாட்டைக் கண்டு பறவைகள் மிரளுவதில்லை என்பதால், ரிச்சர்ட் கியர்ட்டனும் அவர் தம்பி செர்ரி கியர்ட்டனும் தோலைப் போர்த்திச் செய்த பொய் மாடு அது. இயற்கைச் சூழலிலேயே எடுத்த புகைப்படங்களைக் கொண்டு பறவைக் கூடுகளைப் பற்றி 1895இலேயே நூல் வெளியிட்டவர்கள் இந்தச் சகோதரர்கள். அன்றைய கேமராவில் கண்ணாடித் தகடு. ஒரு படம் எடுத்தால் தகட்டை மாற்றிவிட்டுத்தான் அடுத்த படம்.

இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் பல, நொடிக்குப் பத்துப் படத்துக்கு மேல் எடுக்கின்றன. பறவையின் கண்ணைத் தாமே தேடிப் பிடிக்கின்றன. 2014 வாக்கில் டாம்ரான், சிக்மா நிறுவனங்களின் 150-600 மில்லிமீட்டர் லென்ஸ்கள் சந்தைக்கு வந்தபின், தூரத்துப் பறவையைக் கிட்டத்தில் காட்டும் வசதி மாதச் சம்பளக்காரர்களுக்கும் ஓரளவு எட்டியது. அப்படியும், புதிதாகக் கேமரா வாங்கியவர் வேடந்தாங்கலுக்குப் போய் எடுத்து வரும் படங்களில் கொக்கு இறகே தெரியாத வெள்ளைத் திட்டாக இருக்கும். கரிச்சான் கரித்துண்டாக இருக்கும்.

காரணம் எளிது. கேமராவின் ஒளிமானி, எதிரே இருப்பது எதுவானாலும் அதை நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கரும்பச்சை மரக்கிளையில் ஒரு வெள்ளைக் கொக்கு தூரத்தில் நிற்கிறது. படச்சட்டம் முழுக்க இருட்டு என்று நினைத்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டுகிறது. கொக்கு வெளுத்துப் போகிறது. மின்கம்பியில் உட்கார்ந்த கரிச்சானுக்குப் பின்னால் பளீரென்ற வானம். கேமரா வெளிச்சத்தைக் குறைக்கிறது. கரிச்சான் வெறும் நிழலாகிறது. இதைச் சரிசெய்யத்தான் கேமராவில் கூட்டல், கழித்தல் குறி போட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. கொக்குக்கு அதை மைனஸ் பக்கம், வானத்துக் கரிச்சானுக்குப் பிளஸ் பக்கம் நகர்த்த வேண்டும். அதே கொக்கு கிட்டத்தில் வந்து சட்டத்தை அடைத்து நின்றால் கணக்கு தலைகீழ்: இப்போது பிளஸ் வைக்காவிட்டால் வெள்ளைக் கொக்கு சாம்பல் கொக்காகிவிடும்.

அடுத்தது ஷட்டர் வேகம். நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் ஒரு பறவை குறுக்கே பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஷட்டர் 100இல் ஒரு பங்கு நொடி திறந்திருந்தால், அதற்குள் பறவை பத்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 2000இல் ஒரு பங்கு நொடி என்றால் நகர்வது அரை சென்டிமீட்டர்தான். பறக்கும் பறவைக்கு 2000 என்றும், கிளையில் சும்மா இருக்கும் பறவைக்கு 500 போதும் என்றும் அனுபவசாலிகள் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஆனால் 500இலிருந்து 2000க்குப் போனால் உள்ளே வரும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. அதை ஈடுகட்ட, ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணை 400இலிருந்து 1600க்கு ஏற்ற வேண்டும். ஏற்ற ஏற்றப் படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் தெரியத் தொடங்கும். புள்ளி விழுந்த படத்தைக் கணினியில் பெருமளவு தேற்றிவிடலாம். அலுங்கிய படத்தைத் தேற்றுவது கடினம். அதனால் பலர் ஷட்டரையும், லென்ஸின் திறப்பான அப்பெர்ச்சரையும் தாங்களே வைத்துவிட்டு, ஐ.எஸ்.ஓ.வை மட்டும் ஆட்டோவில் விடுகிறார்கள்.

அப்பெர்ச்சரில் புதியவருக்கு அதிகம் யோசிக்க இடமில்லை. பெரிய ஜூம் லென்ஸ்கள் முழு நீளத்தில் பெரும்பாலும் எஃப் 6.3 வரைதான் திறக்கும். அங்கேயே வைத்துவிடலாம். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: 600 மில்லிமீட்டரில், பத்து மீட்டர் தொலைவில், தெளிவாக விழும் ஆழம் அரைச் சாண்கூட இராது. நாரையின் அலகு நுனியில் ஃபோகஸ் விழுந்தால் கண் மங்கிவிடும். கண் தெளிவாக இருந்தால் வால் மங்கினாலும் படம் தேறும்.

இவ்வளவும் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். நாள் பிடிப்பது பறவையைப் படிப்பதுதான். பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும்பும், காற்றை எதிர்த்தே இறங்கும். காற்றும் வெயிலும் முதுகில் படும்படி நின்றால், இறங்கும் பறவை முகம் காட்டி வரும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி நீருக்கு மேலே சிறகடித்தபடி ஒரே இடத்தில் நிற்கும். உடலை வளைத்து, அலகைக் கீழே நீட்டி, தலையை மட்டும் அசைக்காமல் வைத்திருக்கும். ஷட்டர் வேகத்தை ஏற்றிவைக்க அந்தச் சில நொடிகள் போதும். அது விழத் தொடங்கியபின் பொத்தானைத் தேடினால் தண்ணீர் வளையம்தான் கிடைக்கும்.

1912இல் பிறந்த இயற்கையியல் எழுத்தாளரும் படக்கலைஞருமான மா. கிருஷ்ணன், பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய கனத்த கேமராவால் கருப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார். 'சூப்பர் பாண்டரோசா' என்று அதற்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார். தானாக ஃபோகஸ் பிடிக்கும் வசதி எதுவும் அதில் இல்லை. ஆனால் விலங்கும் பறவையும் அடுத்து என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கூட்டை நெருங்குவது மட்டும் வேண்டாம். பிரிட்டிஷ் படக்கலைஞர் எரிக் ஹாஸ்கிங் 1937இல் ஆந்தைக் கூட்டருகே போய், அதன் நகத்துக்கு ஒரு கண்ணைப் பறிகொடுத்தார். நம் ஊர் வெயிலில் நட்டம் பறவைக்குத்தான்: ஆளைக் கண்டு தாய் எழுந்து போனால், முட்டை சூடேறும், காகத்தின் கண்ணிலும் படும். வேடந்தாங்கலில் பார்வையாளர்கள் ஏரிக்கரையோடு நிற்க வேண்டும் என்பது அதனால்தான். எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்று அறிந்த அவ்வூர் மக்கள், பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798இலேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் ஆணை வாங்கியவர்கள்.

தொடங்க விரும்புவோர் வேடந்தாங்கல் வரைகூடப் போக வேண்டியதில்லை. ஜனவரியில், பொங்கலையொட்டித் தமிழ்நாடெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு மொட்டைமாடியிலிருந்தே 15 நிமிடம் பார்த்துப் பட்டியலை ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றலாம். பெயர் தெரியாத பறவைக்கு ஒரு படம் துணை. வெள்ளைக் கொக்குகளில் சின்னக் கொக்குக்கு அலகு கருப்பு, உண்ணிக்கொக்குக்கு மஞ்சள். அந்த நிறம் தெரியும் அளவுக்கு ஒரு படம் இருந்தால், மற்றவர்கள் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.