பெடல் தாழ்ந்தால் வண்டி நிற்கட்டும்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

சம்பளத்தைப் பற்றியும் போனசைப் பற்றியும் இந்த மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள், டிரைவரின் காலடியில் இருக்கும் பிரேக் பெடல். "அது டிரைவருக்கும் போர்மேனுக்கும் உரிய காரியம், வெட்டுக்காரருக்கு அதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். விடியுமுன் பெரட்டு முடிந்து, வாளியும் கத்தியுமாக வேனில் ஏறி உட்காருகிறவர் யார்? மேட்டிலிருந்து அந்த வேன் இறங்கும்போது அத்தனை குடும்பங்களின் பிழைப்பும் அந்த ஒரு பெடலை நம்பித்தானே இறங்குகிறது? ஆகவே, பெடல் கெட்டால் என்ன நேரும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை ஏறி உட்காருகிறவரும் அறிந்திருக்க வேண்டும்.

கனத்த லோரிகளில் காற்றுப் பிரேக் உண்டு; அதன் கதை வேறு. தோட்டத்தில் ஓடும் வேன், பிக்கப், சிறிய லோரி ஆகியவற்றின் எண்ணெய்ப் பிரேக்கைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

டிரைவர் பெடலை மிதிக்கிறார். அந்த மிதி மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் எண்ணெயைத் தள்ளுகிறது. எண்ணெய் குழாய் வழியே சக்கரத்துக்குப் போய் அங்கே பிரேக் ஷூவையோ பேடையோ அழுத்துகிறது, சக்கரம் நிற்கிறது. எண்ணெயை அழுத்திச் சுருக்க முடியாது. காற்றைச் சுருக்கலாம். இந்த ஒரு உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். பெடல் காலுக்குக் கெட்டியாக எதிர்த்து நிற்குமானால் எண்ணெய் தன் கடமையைச் செய்கிறது என்று பொருள். கெட்டி குறைந்தால் எங்கோ கோளாறு.

பெடலின் கோளாறு பெரும்பாலும் நான்கு விதமாகக் காட்டும்.

முதலாவது, பஞ்சை மிதிப்பது போல் மெத்தென்று இருப்பது. இரண்டு மூன்று முறை விரைவாக மிதித்தால் பெடல் மேலே வரும். சற்று நேரம் விட்டால் மீண்டும் பஞ்சாகும். குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது என்பதற்கு இதுவே அடையாளம். எண்ணெய்க் குடுவை ஒருமுறை வற்றிப் போயிருக்கலாம்; பழுது பார்த்தவர் காற்றைச் சரியாக வெளியேற்றாமல் விட்டிருக்கலாம்; அல்லது எங்கோ ஒழுக்கு இருக்கலாம். காற்றை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. அது வந்த வழியையும் அடைக்க வேண்டும். இன்னொன்றையும் பாருங்கள்: ஒருவர் பெடலை மிதிக்க, மற்றொருவர் சக்கரத்தருகே உள்ள ரப்பர்க் குழாயைக் கவனிக்கட்டும். அது பலூன் போல் புடைத்தால் குழாய் கிழடாகிவிட்டது.

இரண்டாவது, பெடல் மிகவும் தாழ்ந்து போய், பிறகு கெட்டியாக நிற்பது. மறுமுறை மிதித்தால் உயரத்திலேயே நிற்கும். டிரம்முக்கும் ஷூவுக்கும் இடையே இடைவெளி கூடிவிட்டது; ஷூ தேய்ந்திருக்கும், அல்லது சரிக்கட்ட வேண்டியிருக்கும். ஆனால் நேற்று வரை நன்றாக இருந்த பெடல் இன்று திடீரென்று தாழ்ந்து, முன்பலகையில் சிவப்பு விளக்கும் எரிந்தால் அலட்சியம் கூடாது. இக்கால வண்டிகளில் பிரேக் எண்ணெய்க்கு இரண்டு தனி வழிகள் உண்டு. அவற்றில் ஒன்று போய்விட்டது, பாதிப் பிரேக்கில் ஓடுகிறோம் என்பதே அந்த விளக்கு சொல்லும் செய்தி.

மூன்றாவது மிகவும் ஏமாற்றக்கூடியது. மிதித்தவுடன் பெடல் நிற்கும்; காலை எடுக்காமல் வைத்திருந்தால் மெல்ல மெல்லத் தாழும். இதைச் சோதிக்கும் முறை எளிது. வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு ஐந்தாறு முறை பெடலை மிதியுங்கள். பிறகு ஒரே அளவாக அழுத்தி ஒரு நிமிடம் வைத்திருங்கள். நின்றால் நல்லது. தாழ்ந்தால் எண்ணெய் எங்கோ நழுவுகிறது. மிதித்தபடியே எஞ்சினை ஓட விட்டால் பெடல் சற்றே இறங்கி நிற்கும். அது பிரேக்குக்குத் துணை செய்யும் பூஸ்டரின் இயல்பு. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

எண்ணெய் நழுவும் இடத்தைக் காண்பது அடுத்த வேலை. குடுவையில் மட்டம் குறைகிறதா? குறைந்தால் வெளி ஒழுக்கு. சக்கரத்தின் உட்புறத்தில் ஈரம், டயரின் உள்பக்கத்தில் கறை, குழாய்ச் சேர்மானங்களில் கசிவு, பெடல் கம்பி நுழையும் இடத்தில் பிசுபிசுப்பு ஆகியவற்றைத் தேடுங்கள். மட்டம் குறையவில்லை, வெளியே ஈரமும் இல்லை, ஆயினும் பெடல் தாழ்கிறதா? மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்து, எண்ணெய் முன்னே போகாமல் பின்னே நழுவுகிறது. இதில் ஒரு சூது உண்டு. ஓங்கி மிதித்தால் சில வேளை பிடித்துக்கொள்ளும். மெதுவாக மிதித்தால்தான் தாழும். போர்மேன் வந்து ஓங்கி ஒரு மிதி மிதித்து, "நன்றாகத்தானே இருக்கிறது!" என்று சொல்லிவிட்டுப் போவார். அவரிடம் மெதுவாக மிதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்காவது, மேட்டுக்காட்டுத் தோட்டங்களில் காண்பது. காலையில் பெடல் கெட்டி. நீண்ட இறக்கத்தில் பாதி வழியில் பெடல் தரைமட்டம். பட்டறைக்குப் போய்ச் சேரும்போது மறுபடியும் கெட்டி. டிரைவர் பொய் சொல்கிறார் என்று பேர் வரும். உண்மை என்ன? பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்னும் எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அதற்கு விதித்துள்ள அளவு 140 டிகிரிதான். டாட் 4 எண்ணெய்க்கு 230, 155. இறக்கம் முழுதும் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வந்தால் சூடு ஏறி, பழைய எண்ணெய் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலச் சுருங்கும், பெடல் விழும். ஆறியதும் ஆவி மறையும், கெட்டி திரும்பும். டிரைவர் சொன்னது மெய். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்குவதும், வண்டிக் கைந்நூல் சொல்லும் காலத்தில் எண்ணெயை மாற்றுவதுமே இதற்கு மருந்து. பல நாள் திறந்து கிடந்த டின்னிலிருந்து ஊற்றுவது மருந்தாகாது.

அவசரத்துக்கு எஞ்சின் எண்ணெயை ஊற்றுகிறவர்களும் உண்டு. மண்ணெண்ணெயில் ரப்பர்த் துண்டைப் போட்டு வைத்தால் ஊதிப் போகும் என்பதை ரப்பரில் பிறந்து வளர்ந்த நமக்கு யார் சொல்லித் தர வேண்டும்? எஞ்சின் எண்ணெய் பட்டால் பிரேக் வாஷர்களும் அப்படித்தான் ஊதும். பிறகு ரப்பர்ச் சாமான்கள் அத்தனையையும் மாற்றியாக வேண்டும்.

இனி, கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. பிரேக் எண்ணெய், டீசல் போல் எரிந்து தீரும் பொருள் அன்று. பேடு தேயத் தேய மட்டம் சிறிது இறங்கும். அது பல மாதத்துக் காரியம். அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தால் அது எங்கோ ஒழுகுகிறது. இந்தச் சாட்சி நம் கையிலேயே இருக்கிறது. நாம் அறிந்த ஒரு தோட்டத்தில் ஸ்டோர்ப் புத்தகத்தைப் புரட்டிய கிராணியொருவர், ஒரே வேனுக்கு ஆறு வாரத்தில் நான்கு முறை பிரேக் எண்ணெய் கொடுத்திருப்பதைக் கண்டார். டிரைவர் ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லியிருக்கிறார். "ஊற்றிக்கொண்டு போ" என்பதே பதில். கிராணி அந்த நான்கு தேதிகளையும் ஒரு தாளில் எழுதி நிர்வாகியின் மேசையில் வைத்தார். பின்சக்கர டிரம்மைக் கழற்றினார்கள். சிலிண்டர் ஒழுகி, ஷூ எண்ணெயில் ஊறிக் கிடந்தது. இரண்டு நாள் வேன் நின்றது. வெட்டுக்காரர்கள் தாமதித்தே காட்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு அரைப்பேர் போடுவதா, முழுப்பேர் போடுவதா என்று தகராறு எழுந்தது. அந்த ஒரு தாள்தான் வழக்கைத் தீர்த்தது. பழுது தொழிலாளியால் வந்ததன்று என்பது அதில் தேதியோடு இருந்தது; முழுப்பேர் விழுந்தது.

எழுத்துக்கு இருக்கும் பலம் சட்டத்திலும் உண்டு. 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் முதல் தேதி முதல் திருத்தங்கள் நடப்பில் உள்ளன. அதன் 26ஏ பிரிவு, உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் உடைய தொழிலாளி, அந்த ஆபத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. ஆனால் முதலில் முதலாளிக்கோ அவருடைய ஆளுக்கோ தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்தும் அவர் ஆபத்தை நீக்காதிருக்க வேண்டும். தெரிவித்ததை எதைக் கொண்டு மெய்ப்பிப்பது? எழுதி வைத்ததைக் கொண்டுதான். பாதுகாப்பில்லை என்று முறையிட்ட காரணத்துக்காக ஒருவரை வேலைநீக்கம் செய்யக்கூடாது என்று 27-ஆம் பிரிவு சொல்கிறது. நாற்பது பேருக்குக் குறையாமல் உள்ள வேலையிடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்று 30-ஆம் பிரிவு சொல்கிறது. விபத்துக்குப் பின் பெர்க்கேசோ பணம் தரும். போன காலைத் தராது. முன்னே செய்ய வேண்டியதை முன்னே செய்வோம்.

ஓடும்போதே பெடல் விழுந்துவிட்டால் என்ன செய்வது? டிரைவர் விரைவாகப் பலமுறை மிதிக்க வேண்டும். கியரை ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். கை பிரேக்கை ஒரே இழுப்பாக இழுக்காமல் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். ஹார்னை அழுத்தி எதிரே வருவோரை எச்சரிக்க வேண்டும். ஏற்றமான பக்கம் இருந்தால் அங்கே ஒதுக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் குதிக்க வேண்டாம், இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தோழர்களே! டிரைவர் தம்பி தனியாகச் சொன்னால் சோம்பேறி என்பார்கள். ஆகவே இந்தக் கிளையின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பழுதுப் புத்தகம் வேண்டும். டிரைவர் எழுத, போர்மேன் கையெழுத்திட வேண்டும். ஸ்டோரில் பிரேக் எண்ணெய் கொடுக்கும்போதெல்லாம் வண்டி எண்ணும் தேதியும் பதிய வேண்டும். பழுதினால் வண்டி நின்ற நாளில் காத்திருந்தவர்களுக்கு முழுப்பேர் போட வேண்டும். இம்மூன்றும் தீர்மானமாகி நிர்வாகத்துக்குப் போகட்டும். வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம்முடன் உழைக்கும் தோழர்களுக்கும் இதை மலாயில் எடுத்துச் சொல்லுங்கள். அவர்களும் அதே வேனில்தான் ஏறுகிறார்கள்.

நாளைக் காலை வண்டியில் ஏறுமுன் டிரைவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, பெடல் நிற்கிறதா?" தாழ்கிறது என்றால், வண்டி நிற்கட்டும்.