கையில் ஹெவி லைசென்ஸ்: யாருடைய வண்டியில் ஏறுவது?

(லாரி ஓட்டுநர் தொழிலுக்கு வரும் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கனரக வாகன உரிமம் எளிதில் கிடைத்துவிடும் பொருளல்ல. வயது 20 நிறைய வேண்டும். இலகுரக உரிமம் பெற்று ஓராண்டு கழிய வேண்டும். பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்ட வேண்டும். தாயின் வளையலை அடகு வைத்து அந்தப் பணத்தைக் கட்டியவர்களும் உங்களில் இருக்கலாம். இத்தனை பாடுபட்டு வாங்கிய அந்த அட்டையை எடுத்துக்கொண்டு யாருடைய லாரி ஆபீஸ் படியேறப் போகிறீர்கள்? இன்று நாம் பேச வேண்டியது இதைத்தான்.

"யார் உடனே சாவி கொடுக்கிறாரோ அவரிடம்" என்பதே பலருடைய பதில். ஒரு கணம் சிந்தித்துப் பாருங்கள்! நேற்று லைசென்ஸ் வாங்கியவனை நம்பி, பல லட்சம் பெறும் வண்டியையும் பிறர் சரக்கையும் இன்று இரவே ஒருவர் ஒப்படைக்கிறார் என்றால், அனுபவமுள்ள ஓட்டுநர்கள் ஏன் அந்த வண்டியில் ஏறவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் சாவியை வாங்காதீர்கள். லாரி செட்டில் டீ குடிக்கும் பழைய ஓட்டுநர் இருவரிடம் விசாரித்தால், எந்த முதலாளி கணக்கை நேராக முடிப்பார், யார் பேட்டாவில் கை வைப்பார், எந்த வண்டிக்கு பிரேக் சரியில்லை என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

முதலாண்டில் சம்பளத்தைவிடத் துணை பெரிது

உங்கள் முதல் கேள்வி, "என்ன சம்பளம்?" என்பதாக இருக்க வேண்டாம். "முதல் சில நடைகளுக்கு என்னுடன் யார் வருவார்?" என்று கேளுங்கள். பயிற்சிப் பள்ளியில் ஓட்டியது வெற்று வண்டி. முழு பாரத்துடன் வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும், திருப்பத்தில் எப்படிச் சாயும், மழையில் தார்பாயை எப்படிக் கட்டுவது என்பதையெல்லாம் மூத்த ஓட்டுநரின் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க முடியும். இரண்டாவது ஓட்டுநராகச் சேர்த்துக்கொள்ளும் கம்பெனி மாதத்துக்கு இரண்டாயிரம் குறைத்துக் கொடுத்தாலும் நட்டமில்லை.

ஒரே தடத்தில் போய்வரும் பார்சல் சர்வீஸ் புதியவருக்கு நல்ல தொடக்கம். பாதையும் ஆபீசும் நேரமும் பழகிவிடும். கல், மணல் ஏற்றும் டிப்பரில் நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், வேகம் தானாக ஏறும். பெட்ரோல், கேஸ் டேங்கருக்குத் தனிப் பயிற்சியும், உரிமத்தில் அதற்கான மேற்குறிப்பும் வேண்டும். அந்தக் குறிப்பு மூன்றாண்டுக்கே செல்லும். அது இல்லாமல் "பார்த்துக்கலாம், ஏறு" என்று சொல்பவரை விட்டு விலகி வாருங்கள்.

கூலி முறையே ஓட்டும் முறை

சகோதரர்களே! கூலி எவ்வளவு என்பதோடு, அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் கேளுங்கள். மாதச் சம்பளமும் பேட்டாவும் ஒரு முறை. வாடகையில் சதவீதம் இன்னொரு முறை. நடைக்கு இத்தனை லிட்டர் டீசல் என்று அளந்து கொடுத்து, மிஞ்சினால் உனக்கு, குறைந்தால் உன் சம்பளத்தில் என்பது மூன்றாவது முறை. இந்த மூன்றாவதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையிலுள்ள தொப்பூர் கணவாயை அறியாத லாரிக்காரர் உண்டா? பெங்களூர் பக்கமிருந்து வரும் வண்டிக்கு அங்கே நீண்ட இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டினால், வண்டியைப் பிடித்து நிறுத்த எஞ்சின் உதவாது. முழு பாரத்தையும் பிரேக் ஒன்றே சுமக்கும். தொடர்ந்து மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி, பிரேக் பிடிமானத்தை இழக்கும். அதன் பிறகு முன்னால் செல்லும் வண்டிகளின் கதி என்ன? சில லிட்டர் டீசலுக்காக எத்தனை குடும்பங்கள்! இறக்கத்தில் கியரில்தான் வர வேண்டும் என்று சொல்லி, அதற்கான டீசலையும் தரும் முதலாளியே நல்ல முதலாளி.

பாரமும் பத்திரமும்

ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் மொத்த எடை எழுதியிருக்கும். அதற்கு மேல் ஏற்றினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஏற்றச் சொன்னவரோடு ஓட்டியவரும் சட்டத்தின் முன் நிற்க வேண்டும். அபராதத்தை முதலாளி கட்டிவிடலாம். உங்கள் உரிமம் சில மாதம் முடக்கப்பட்டால் அந்த மாதங்களில் உங்கள் வீட்டு அடுப்பை யார் எரிப்பார்?

இன்ஷூரன்ஸ் நடப்பில் உள்ளதா, அதில் ஓட்டுநருக்கும் பிரீமியம் கட்டியிருக்கிறதா, எஃப்.சி. முடிந்துவிட்டதா என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? எட்டு ஆண்டு கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், கவனக்குறைவால் ஓர் உயிர் போனால் ஐந்தாண்டு வரை சிறை. தேய்ந்த டயரைப் போட்டவர் வீட்டில் இருப்பார். ஸ்டீயரிங் பிடித்தவரே முதலில் கைதாவார்.

சரக்கு ஏறியதும் இ-வே பில்லைப் பாருங்கள். வண்டி எண் சரியா? காலக்கெடு போதுமா? 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது 2021 முதல் உள்ள கணக்கு. பில்லில் ஒன்றும் வண்டியில் ஒன்றுமாக இருந்தால், சரக்கோடு வண்டியும் வழியில் நிற்கும், நீங்களும் நிற்பீர்கள்.

உறக்கமும் முன்பணமும்

ஓட்டுநருக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வரம்பு வைத்தது. பின்னர் 2020-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அது சேர்க்கப்பட்டது. ஏட்டில் இப்படி இருக்க, சாலையில் ஒற்றை ஓட்டுநரை இரண்டு இரவு தொடர்ந்து விரட்டுகிறார்கள். "தூக்கம் வந்தால் வண்டியை ஓரம் கட்டலாமா? தாமதத்துக்குப் பேட்டா பிடிப்பீர்களா?" என்று சேரும்போதே கேளுங்கள். வரும் பதிலில் அந்தக் கம்பெனி எப்படிப்பட்டது என்பது விளங்கிவிடும்.

முன்பணம் என்று 30,000, 50,000 நீட்டுவார்கள். தங்கை திருமணம் என்றால் அது பெரிய உதவியாகத் தோன்றும். ஆனால் அது கழியும் வரை, பழுதான வண்டியையும் நீங்கள் மறுக்க முடியாது. தவிர்க்க முடியாமல் வாங்கினால் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு மாதக் கழிவையும் எழுதி வையுங்கள். உரிமத்தின் அசலை யாரிடமும் ஈடாக வைக்காதீர்கள். நகல் கொடுங்கள், போதும்.

"மாமாவின் வண்டிதானே, சொந்தக்காரரிடம் கணக்கா?" என்று சிலர் கேட்பார்கள். கடனை எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. சொந்தக்காரர் என்று அதில் விலக்கு ஏதும் இல்லை. எழுதாத கணக்கால் பிரிந்த குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு. நம்மவர் கம்பெனியோ வேறு சமுதாயத்தார் கம்பெனியோ, அளவுகோல் ஒன்றுதான்: நல்ல வண்டி, நேரான கணக்கு, தூங்க நேரம்.

வணிகர்களே, உங்களுக்கும்!

லாரிக்காரரைக் குறை சொல்லுமுன் நம் குடோன் வாசலைப் பார்ப்போம். "இன்னும் இரண்டு டன் ஏற்று" என்று சொல்வது யார்? வாடகையை அடிமட்டத்துக்குப் பேசிவிட்டு, "விடியுமுன் சரக்கு வர வேண்டும்" என்று போன் செய்வது யார்? இரண்டு நாள் இறக்காமல் காக்க வைத்துவிட்டு, ஹால்டிங் பணம் கேட்டால் முகம் சுளிப்பது யார்? ஈரோட்டு ஜவுளியானாலும் ஆம்பூர், வாணியம்பாடித் தோலானாலும், அதைச் சுமந்து வருபவன் ஒரு தாயின் பிள்ளை. அவன் கண் விழித்து ஓட்டிய இரவுகளின் பலன் நம் கல்லாவில் இருக்கிறது. குறைந்த வாடகைக்காரரைத் தேடுவதை விட்டு, முறையாக வண்டி வைத்திருப்பவருக்கு லோடு கொடுங்கள். அப்போதுதான் நல்ல கம்பெனிகள் நிலைக்கும். புதிதாக வரும் இளைஞனுக்கும் சேர ஓர் இடம் இருக்கும்.

இளைஞர்களே! உங்கள் கையில் வரும் சரக்கு பிறருடைய அமானிதம். சாலையில் எதிரே வரும் உயிர்களோ அதைவிடப் பெரிய அமானிதம். இரண்டையும் காக்க விடுகிற முதலாளியைத் தேடுங்கள். ஒரு மாதம் தாமதமானாலும் பரவாயில்லை. வீட்டாரிடம் விளக்கிச் சொல்லுங்கள். அவசரப்பட்டு ஏறிய முதல் வண்டியில் உரிமம் போனால், அடகில் உள்ள வளையலை மீட்க வழியிராது. விசாரித்து ஏறுங்கள், விழிப்புடன் ஓட்டுங்கள், நல்லபடியாக வீடு திரும்புங்கள்!